'கடமைக்கு அப்பாற்பட்டு': ஒரு பாராட்டுக் கடிதம் இழப்பீட்டுக்குக் குறுக்கே நின்ற வழக்கு

நான் மனு எழுதிக் கொடுத்த வழக்கு இது. பெயர்களை விட்டுவிட்டேன், ஆள் இன்னார் என்று தெரிந்துவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். சம்பவம் நடந்தது 2022-ல். ஆகவே கீழே வரும் பிரிவு எண்கள் எல்லாம் பழைய சட்டங்களுடையவை. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால், இன்று அடிபட்டவர்கள் எண்களைப் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரம்பூர் பக்கம் 64 வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே இரவுக் காவலுக்கு இருந்தவருக்கு வயது 50. சொந்த ஊர் செய்யாறு பக்கம். அம்பத்தூரில் பதினெட்டு வருடம் லேத் ஓட்டியவர்; பட்டறை மூடியபின் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியில் சேர்ந்தார். இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணிவரை டியூட்டி, மாதச் சம்பளம் 15,000 ரூபாய்.

குடியிருப்பில் நாலைந்து வீடுகளில் வேலை செய்யும் ஒரு அம்மா, அன்று இரவு 9.35-க்கு கேட் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். பிரிந்து வாழும் கணவன் எதிரே மின்வாரியப் பெட்டி ஓரமாகக் காத்திருந்தான். வாக்குவாதம், தலைமுடியைப் பிடித்து இழுத்தல், அப்புறம் இடுப்பிலிருந்து கத்தி. இவர் கேட்டைத் திறந்துகொண்டு ஓடினார். கையில் டார்ச் மட்டும்தான். கத்தி அந்த அம்மாவின் கழுத்தை நோக்கி இறங்கியபோது அதை வெறுங்கையால் பிடித்தார். வலது உள்ளங்கை குறுக்கே கிழிந்து, இரண்டு விரல்களின் தசைநார்களும் சுண்டுவிரல் பக்கத்து நரம்பும் அறுந்தன. அந்த அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

அருகிலிருந்த தனியார் மருத்துவமனையில் முதல் சிகிச்சை. மறுநாள் ஸ்டான்லிக்கு மாற்றினார்கள். கை அறுவைக்கு அந்த மருத்துவமனையின் பேர் நாடறிந்தது. நார்களைத் தைத்து, கட்டைப் பார்த்துவிட்டு, "பிடிப்பு வரும், முழுசா வராது" என்றார்கள். லேத் ஓட்டிய கைக்கு அதன் அர்த்தம் உடனே புரிந்திருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த பத்து நாளில் நடந்தவைதான் வழக்கின் உயிர்நாடி.

குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டு, சால்வை போர்த்தி, 40,000 ரூபாய் வசூலித்துக் கொடுத்தது. நல்ல மனிதர்கள். கூடவே ஒரு பாராட்டுக் கடிதமும் கொடுத்தார்கள்: 'கடமைக்கு அப்பாற்பட்டு, தன்னலம் கருதாது, தானாக முன்வந்து...' என்று போகும் அது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தார்கள். நான் போனபோது அவர் மனைவி முதலில் காட்டியதே அதைத்தான்.

அதே வாரத்தில் ஏஜென்சியின் சூப்பர்வைசர் இரண்டு விஷயத்தோடு வந்தார். ஒன்று, "பெரியவரே, உங்க இடத்துல வேற ஆள் போட்டாச்சு." இரண்டு, 50,000 ரூபாயும், 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று டைப் செய்த ஒரு முத்திரைத்தாளும். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டிய மாதம். அவர் கையெழுத்துப் போடத் தயாராகத்தான் இருந்தார். போடாததற்கு ஒரே காரணம், வலது கையில் கட்டு. இடது கைப் பெருவிரல் ரேகை போதும் என்று அவருக்கும் தோன்றவில்லை, சூப்பர்வைசருக்கும் தோன்றவில்லை. போட்டிருந்தாலும் சட்டப்படி அது செல்லாது. 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு, தொழிலாளி தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை வெற்றுத்தாளாக்கிவிடுகிறது. ஆனால் செல்லாத தாளை வைத்துக்கொண்டே ஆறு மாதம் இழுத்தடிக்க முடியும் என்பது அனுபவம்.

113 ரூபாய்

எந்தக் கதவைத் தட்டுவது என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு கதவுகள் உண்டு. ஒன்று தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், தொழிலாளர் துறையில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் அதிகாரியிடம், 1923-ம் ஆண்டுச் சட்டப்படி. இன்னொன்று இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. இரண்டையும் சேர்த்துத் தட்ட முடியாது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-வது பிரிவு, காப்பீட்டில் உள்ளவர் வேலைக் காயத்துக்காக முதலாளியிடம் வேறு சட்டத்தின் கீழ் இழப்பீடு கேட்பதைத் தடுக்கிறது. 1996-ல் ட்ரெஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது.

நடைமுறையில் என்ன ஆகும்? இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் "ஐ.பி. நம்பர் (காப்பீட்டு எண்) இல்லையே, நீங்க எங்க ஆளே இல்லை" என்பார்கள். தேனாம்பேட்டைக்குப் போனால் முதலாளியின் வக்கீல் எழுந்து, "இவர் இ.எஸ்.ஐ.யில் வரவேண்டியவர், மனு செல்லாது" என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். நடுவில் ஆள் பஸ் டிக்கெட் எடுத்தே மாய்ந்துபோவார்.

அவருடைய பே ஸ்லிப்புகளைக் கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்தவைதான், மகள் போனில் பதினோரு மாதத்துக்கு இருந்தன. ஒவ்வொன்றிலும் இ.எஸ்.ஐ. பிடித்தம் 113 ரூபாய். 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், 15,000-க்கு 112 ரூபாய் 50 காசு, அதை மேலே முழுமையாக்கினால் 113. கணக்கு சரிதான். காப்பீட்டு எண் போடவேண்டிய கட்டம் மட்டும் பதினோரு மாதமும் காலி. பிடித்த பணம் எங்கே போனது என்று நான் யூகித்துச் சொல்லவேண்டியதில்லை.

இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள்: முதலாளி பதிவு செய்யவில்லை என்றால் இ.எஸ்.ஐ. கிடையாது என்று. அப்படி இல்லை. பத்துப் பேருக்கு மேல் உள்ள அந்த ஏஜென்சி சட்டத்துக்குள் வருகிறது; மாதம் 21,000 வரை வாங்குபவர் அதற்குள் வருகிறார்; வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அவர் காப்பீட்டில் இருப்பவர்தான். சந்தாவைப் பின்னால் கட்டினாலும் நிலைமை மாறாது என்று பாரகத் இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேலே போனது. நோய்க்கால உதவித்தொகைக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலைக் காயத்துக்கு அது கிடையாது. முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. முதலாளி கட்டாமல் விட்டதால் தொழிலாளியின் பயன் குறைந்தால், 68-வது பிரிவின்படி இ.எஸ்.ஐ. கழகம் அவருக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

பே ஸ்லிப்புகளையும் வங்கிப் பாஸ்புக் நகலையும் சேர்த்து, நுங்கம்பாக்கம் ஸ்டெர்லிங் சாலையில் உள்ள மண்டல அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். ஆய்வுக்கு அதிகாரி போனார். அடுத்த வாரமே ஐ.பி. நம்பர் வந்துவிட்டது. வந்ததில் ஒரு வேடிக்கை: வேலையில் சேர்ந்த தேதி, காயம்பட்டதற்கு அடுத்த மாதம் ஒன்றாம் தேதி! அதாவது, கையில் கட்டோடு ஸ்டான்லியில் படுத்திருந்தபோது அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். பாஸ்புக்கில் பதினோரு மாதச் சம்பளம் ஏறியிருந்ததால் அதை உடைக்க அதிக நேரம் ஆகவில்லை. ரொக்கமாகச் சம்பளம் வாங்குகிறவராக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

கேட்டிலிருந்து 22 அடி

பதிவு முடிந்ததும் ஏஜென்சி விபத்து அறிக்கையை, அதாவது படிவம் 12-ஐ, அனுப்பியது. அதில்தான் உண்மையான சண்டை ஆரம்பித்தது. 'பணியிடத்துக்கு வெளியே, பொதுச்சாலையில், மூன்றாம் நபர்களின் குடும்பத் தகராறில் தனிப்பட்ட முறையில் தலையிட்டதால் ஏற்பட்ட காயம். கேட்டை விட்டு நகரக்கூடாது என்ற உத்தரவை மீறியுள்ளார்.' இணைப்பாக சங்கத்தின் பாராட்டுக் கடிதத்தின் நகல். 'கடமைக்கு அப்பாற்பட்டு' என்ற சொற்களுக்குக் கீழே பேனாவால் கோடு. ஆள் தானாக முன்வந்தார், வேலையாகச் செய்யவில்லை என்று வேலை கொடுத்த இடமே எழுதிக் கொடுத்திருக்கிறதே, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பது வாதம்.

அதோடு நிற்கவில்லை. இன்னொரு தாளிலும் கோடு போட்டிருந்தார்கள். 'தன்னுயிரைத் துச்சமென மதித்து, யாரும் கேட்காமலே பாய்ந்து சென்று...' அது எங்கள் முதல் மனு. அந்த வரியை எழுதியவன் நான்தான். எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. மனு எழுதுகிறவனுக்குப் பேனா கொஞ்சம் நீளம் என்று என் மேஜைக்கு எதிரே உட்காரும் தோழர் அடிக்கடி சொல்வார். அன்று அது ஆவணமாகவே வந்து நின்றது.

மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பியும், அதாவது விபத்துப் பதிவேட்டின் நகலும், உதவவில்லை. இரவு நேரத்தில் டியூட்டி டாக்டர் எழுதியது: 'சாலையில், தெரிந்த நபரால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்.' அந்த ஆள் மனைவியைத் தேடி முன்பும் இரண்டு தடவை கேட்டுக்கு வந்திருக்கிறான், இவர் விரட்டியிருக்கிறார். அந்த அளவுக்குத்தான் தெரிந்த நபர். ஆனால் தாளில் படிக்கும்போது பழைய பகை மாதிரி தொனிக்கிறது. காயத்தோடு போகிறவர் ஏ.ஆர். பதியும்போது 'டியூட்டியில் இருந்தேன், இன்ன இடத்துக்குக் காவலாளி' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும், பின்னால் ஆறு மாதம் மிச்சம். ரத்தம் ஒழுகும்போது யாருக்கு அது ஞாபகம் வரும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 1923-ம் ஆண்டுச் சட்டம், வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் ஏற்பட்ட விபத்து என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. பிறரைக் காப்பாற்றப் போய் அடிபட்டவரைப் பற்றி அதில் தனி வரி கிடையாது. இ.எஸ்.ஐ. சட்டத்தில் உண்டு. 1966-ல் கொண்டுவந்த திருத்தத்தில் 51-ஏ முதல் 51-டி வரை நான்கு பிரிவுகளைச் சேர்த்தார்கள். கடைசியான 51-டி சொல்வது இது: முதலாளியின் தொழிலுக்காகத் தொழிலாளி வேலை பார்க்கும் வளாகத்திலோ அதை ஒட்டியோ, அவசரநிலை ஒன்றில், காயம்பட்டவரை அல்லது ஆபத்தில் இருப்பவரை மீட்க, உதவ, காக்கப் போகும்போது விபத்து நேர்ந்தால், அதை வேலையால் வந்த விபத்தாகவே கொள்ள வேண்டும். அவசரநிலை உண்மையில் இருந்திருக்கவேண்டும் என்பதுகூட இல்லை; இருப்பதாக அவர் நினைத்திருந்தாலே போதும். பெரிய சேதத்திலிருந்து பொருளைக் காக்கப் போனாலும் இதே கதைதான்.

இந்தப் பிரிவை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அதில் இரண்டு சொற்கள்தான் கண்ணில் படும். ஒன்று 'நபர்கள்'. சக தொழிலாளி என்றோ முதலாளியின் ஆள் என்றோ சட்டம் சுருக்கவில்லை. ஆபத்தில் இருந்த அந்த அம்மா குடியிருப்பவரும் இல்லை, சங்கத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லை. நாலைந்து வீட்டுக்காரர்கள் தனித்தனியாகக் கொடுக்கும் கூலியில் வாழ்கிறவர். கத்தி அவர் மேல் இறங்கியிருந்தால் எந்த இ.எஸ்.ஐ.யும் வந்திருக்காது. ஆனால் காப்பாற்றப்படவேண்டிய 'நபர்' என்ற இடத்தில் அவருக்கும் இடம் உண்டு.

இன்னொன்று 'ஒட்டி'. கேட்டுக்கு வெளியே என்ற ஒரே வாதத்தில் ஏஜென்சி தொங்கிக்கொண்டிருந்தது. நானும் சங்கச் செயலாளரும் ஒரு காலை நேரத்தில் டேப் பிடித்து அளந்தோம். கேட்டின் தண்டவாளத்திலிருந்து மின்வாரியப் பெட்டி வரை 22 அடி. காவலாளியின் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த இடம் நேராகத் தெரிகிறது. கேட்டின் விளக்கு வெளிச்சம் அங்கே விழுகிறது. கேமராவும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் மாட்டியிருக்கிறது. காவல் நிலையம் முதல் வாரத்திலேயே பதிவை வாங்கி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. சங்கத்தின் கேமராப் பெட்டியில் பதினைந்து நாளில் அது அழிந்துவிடும்.

உத்தரவை மீறினார் என்பதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. முதலாளியின் உத்தரவுக்கு மாறாக நடந்திருந்தாலும், அந்தச் செயல் முதலாளியின் தொழில் சார்ந்ததாக இருந்தால் காப்பு போகாது என்கிறது 51-பி. ஏஜென்சி கொடுத்த டியூட்டி அட்டையையே எடுத்துக் காட்டினோம். நாலாவது வரி: 'கேட்டை விட்டு நகரக்கூடாது.' ஏழாவது வரி: 'குடியிருப்போர், வந்து செல்வோர் பாதுகாப்பை உறுதிசெய்ய வேண்டும்.' ஒரே அட்டை, ஒரே கையெழுத்து. 9.35-க்கு நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர் 'வந்து செல்வோர்' இல்லை என்றால் வேறு யார்?

கத்திக்குத்து ஒரு விபத்தா என்றும் கேட்டார்கள். வேண்டுமென்றே செய்ததாயிற்றே! குத்தியவனுக்கு அது வேண்டுமென்றே செய்தது, குத்துப்பட்டவருக்கு எதிர்பாராதது. சட்டம் இரண்டாமவரின் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறது. அயர்லாந்தின் ட்ரிம் ஊரில் ஓர் ஆசிரியரை மாணவர்கள் திட்டமிட்டுத் தாக்கிக் கொன்றபோது, 1914-ல், அன்று மேல்முறையீட்டின் உச்ச மன்றமாக இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை அதையும் விபத்து என்றே ஏற்றது. நம் உச்ச நீதிமன்றமும் 2000-ல், ஆட்டோவைத் திருடுவதற்காக ஓட்டுநரைக் கொன்ற ஒரு வழக்கில், மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அதே கோணத்தில் தீர்ப்புச் சொன்னது.

மிச்சமிருந்தது பாராட்டுக் கடிதம். செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். கோடு போட்ட நகலைக் காட்டியதும் முகம் வாடிவிட்டது. "பாராட்டத்தானே சார் எழுதினோம்?" என்றார். பாராட்டை வாபஸ் வாங்கவேண்டாம், நாங்கள் கேட்பது வேறு என்று சொன்னேன். இரண்டு நாளில் இன்னொரு கடிதம் தந்தார். உரிச்சொல் ஒன்றுகூட இல்லாத கடிதம். ஏஜென்சியோடு சங்கம் போட்ட ஒப்பந்தத்தின் பாதுகாப்புப் பிரிவு, இரவில் வீட்டுவேலை செய்யும் பெண்கள் பத்திரமாக வெளியேறுவதைக் காவலாளி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2021-ல் சங்கம் எடுத்த முடிவு, அன்று இரவு காவலாளி செய்தது அந்த முடிவின்படி எதிர்பார்த்ததே என்ற ஒரு வாக்கியம். நான் பார்த்ததிலேயே நன்றாக எழுதிய கடிதம் அதுதான். என் மனுவையும் அப்படியே திருத்தி எழுதினேன். 'பாய்ந்து' போய் 'சென்று' ஆயிற்று.

2023 மார்ச்சில் அதை வேலைக் காயமாக ஏற்றுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போகிறேன். பிறரைக் காப்பாற்றப் போய் உயிர்விடும் தொழிலாளிகளைச் சென்னையில் கத்திக்குத்தைவிடக் கழிவுநீர்த் தொட்டிகளில்தான் அதிகம் பார்க்கிறோம். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, இரண்டாமவர் அவரைத் தூக்க இறங்கி, அவரும் மேலே வருவதில்லை. அடியில் நிற்கும் ஹைட்ரஜன் சல்பைடு ஓரளவுக்கு மேல் போனால் மூக்குக்கு வாசனையே தெரியாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கழிவுநீர்ச் சாவுகளுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் என்றும், 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றும் நிர்ணயித்தது. 'இரண்டாவது ஆள் எங்கள் ஆள் இல்லை, பக்கத்தில் நின்றவன், தானாக இறங்கினான்' என்று ஒப்பந்தக்காரர் சொல்வதை நானே காதால் கேட்டிருக்கிறேன். 'தானாக' என்ற அதே சொல்.

கணக்கு

அவருக்கு ஒரு வருத்தம் கடைசிவரை இருந்தது. மொத்தமாக ஒரு தொகை வந்தால் மகள் படிப்புக்கு ஆகுமே, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து என்ன செய்ய என்று. நியாயமான கேள்விதான், போட்டுப் பார்த்தோம்.

வேலைக்குப் போகமுடியாமல் இருந்தது ஐந்து மாதம். நாள் சம்பளம் 500 என்று வைத்தால் இ.எஸ்.ஐ. அதில் 90 சதவீதம் தருகிறது: நாளுக்கு 450, 150 நாளுக்கு 67,500. 1923-ம் ஆண்டுச் சட்டத்தில் அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் கால் பங்கு. ஐந்து மாதத்துக்கு 37,500.

நிரந்தர ஊனத்துக்கு மெடிக்கல் போர்டு சம்பாதிக்கும் திறனில் 20 சதவீத இழப்பு என்று சொன்னது. விரல் போயிருந்தால் அட்டவணையில் சதவீதம் அச்சடித்தே இருக்கும். நாரும் நரம்பும் அறுந்தது அட்டவணையில் இல்லை, ஆகவே போர்டு பார்த்துச் சொல்வதுதான். இ.எஸ்.ஐ.யில் 450-ல் 20 சதவீதம், நாளுக்கு 90 ரூபாய், மாதம் சுமார் 2,700, ஆயுள் முழுக்க. 1923-ம் ஆண்டுச் சட்டத்தில் போயிருந்தால் 15,000-ல் 60 சதவீதம் 9,000. ஐம்பது வயதுக்கான காரணி 153.09-ஆல் பெருக்கினால் 13,77,810; அதில் 20 சதவீதம் 2,75,562 ரூபாய், ஒரே தடவை. எட்டரை வருடம் போனால் மாதத் தொகை அதைத் தாண்டிவிடும். சிகிச்சைக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது என்பதையும் சேர்த்தால் இந்தப் பக்கம்தான் கனம் அதிகம். "எட்டரை வருஷம் கழிச்சு எம்பொண்ணு எதுக்கு காலேஜ் போகப்போகுது தம்பி?" என்றார். அதற்கு நான் போட்ட கணக்கில் விடை இல்லை.

20 சதவீதம் குறைவு என்றுதான் என் எண்ணம். வலது கைக்காரர், கைவேலை தெரிந்தவர். மேல்முறையீட்டுக்கு வழி உண்டு என்று சொன்னேன். இன்னும் ஒரு வருடம் அலைய முடியாது என்றுவிட்டார். வற்புறுத்தவில்லை. தற்காலிக ஊன உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்ற 73-வது பிரிவை வைத்து ஏஜென்சிக்கு ஒரு நோட்டீஸ் விட்டோம். வேறொரு குடியிருப்பில் பகல் டியூட்டி கொடுத்தார்கள். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 357-ஏ பிரிவின்படி சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும் ஒரு மனு போட்டிருக்கிறோம். முதலாளி கொடுக்கும் பணம் இல்லை என்பதால் 53-வது பிரிவு அதற்குக் குறுக்கே வராது. அது இன்னும் நிற்கிறது.

மாதத் தொகை வாங்குகிறவர்கள் அவ்வப்போது உயிரோடு இருப்பதற்கான சான்று கொடுக்கவேண்டும். முதல் வருடம் அவரோடு நானும் கிளை அலுவலகத்துக்குப் போனேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்க, பேனா வழுக்கி வழுக்கிப் போனது. கவுண்ட்டரில் இருந்த அம்மா பழைய படிவத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து ஒத்துப்போகலையே ஐயா" என்றார். அவர் கையைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மா ஒன்றும் பேசாமல் மை டப்பாவை எடுத்து, அவருடைய இடது கைப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.